ரோல்ஸ் ராய்ஸ்: பெயர் ஒரு பக்கம், பட்டறை ஒரு பக்கம்

கோவையில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியின் டெஸ்ட் பெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் முதுகில் எங்கள் ஃபோர்மேன் ஓர் எட்டணா நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார். அது சாயாமல் நின்றால், "ரோல்ஸ் ராய்ஸுடா தம்பி!" என்பார். விழுந்தால் ஒன்றும் பேசமாட்டார். மோட்டார் திரும்பவும் அசெம்பிளிக்குப் போய்விடும். 1969-ல் ஐ.டி.ஐ. முடித்து, 19 வயதில் அங்கே டர்னராகச் சேர்ந்த எனக்கு ரோல்ஸ் ராய்ஸ் என்பது ஒரு காரின் பெயராக அறிமுகமாகவில்லை. ஆடாமல், இரையாமல் ஓடும் எந்த மெஷினுக்கும் அப்படித்தான் பெயர் போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபோர்மேனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை, விமானங்களைப் பழுதுபார்க்கக் கோவையில் ஒரு தளம் வைத்திருந்தது. சூலூரிலும் அவர்களுடைய விமானத் தளம் இருந்தது. அங்கே பையனாக எடுபிடி வேலைக்குப் போனவர் எங்கள் ஃபோர்மேன். பாரகுடா என்ற விமானத்தின் எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைப்பது அவர் வேலை. அது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். "கழுவிட்டுக் கையில புடிச்சுப் பாத்தா கண்ணாடி கெட்டுது போ" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்தக் காரை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

1971 பிப்ரவரியில் ஒரு நாள் கேண்டீனில் யாரோ பேப்பரை விரித்து, ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி திவால் என்று படித்தார்கள். ஃபோர்மேன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெப்படிங்க திவாலாகும்? பேப்பர்காரன் தப்பாப் போட்டிருப்பான்" என்றார். மறுநாளும் அதே செய்தி வந்தது. அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஆனால் நாணயம் நின்றால் ரோல்ஸ் ராய்ஸ் என்று சொல்வதையும் விடவில்லை.

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் போனில் கேட்டான்: "அப்புச்சி, ரோல்ஸ் ராய்ஸ் ஜெர்மன் கம்பெனியாமா? என் ஃப்ரெண்டு சொல்றான்." ஆமாம் கண்ணு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "லீவுக்கு வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்வதற்காகப் பல வருஷமாகப் படித்து வைத்திருந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தினேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ராய்ஸ். பெயரில் அவர் இரண்டாவதாக வந்தாலும் கதையில் அவர்தான் முதல். ஃப்ரெடரிக் ஹென்றி ராய்ஸ் 1863-ல் இங்கிலாந்தின் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். பையனுக்கு 9 வயதானபோது அவரும் இறந்துவிட்டார். ராய்ஸ் பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஒரு வருஷம்தான். லண்டன் தெருக்களில் பேப்பர் விற்றார், தந்திப் பையனாக ஓடினார். அவர் தந்தி கொடுத்துத் திரிந்த பகுதியில்தான் 1877-ல் ஒரு பிரபு வீட்டில் சார்லஸ் ரோல்ஸ் என்ற குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு வந்த வாழ்த்துத் தந்திகளில் ஒன்றிரண்டை ராய்ஸே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம் என்று ஒரு கதை உண்டு. நிரூபிக்க முடியாத கதைதான், ஆனாலும் விட மனசு வரவில்லை.

ஓர் அத்தை பணம் கட்டியதில் ராய்ஸுக்கு ரயில்வே பட்டறையில் அப்ரெண்டிஸ் இடம் கிடைத்தது. மூன்று வருஷத்தில் அத்தையிடமும் பணம் தீர்ந்து, பயிற்சி பாதியில் நின்றது. அதன் பிறகு டூல் செய்யும் கம்பெனியில் கூலி, மின்விளக்குக் கம்பெனியில் வேலை என்று அலைந்தார். 1884-ல் கையிலிருந்த 20 பவுண்டு சேமிப்போடு, 50 பவுண்டு போட்ட கிளேர்மாண்ட் என்ற கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார். காலிங் பெல், மின் சாமான்கள், பிறகு டைனமோ, மின்சாரக் கிரேன். ஆக, ராய்ஸ் அடிப்படையில் கார்க்காரர் இல்லை, எலக்ட்ரிக்கல்காரர். மோட்டாரும் பம்பும் செய்து பிழைத்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றும்.

1903-ல் அவர் டெக்காவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது நல்ல கார்தான். ஆனால் அதன் சத்தமும் நடுக்கமும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று தோன்றி, தானே மூன்று கார்கள் செய்யத் தொடங்கினார். முதல் கார் 1904 ஏப்ரல் 1 அன்று பட்டறையை விட்டு வெளியே ஓடியது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்ததையே எடுத்து, பல்சக்கரத்தின் பல்லை இன்னும் சுத்தமாக வெட்டி, பேரிங்கை இன்னும் சரியாகப் பொருத்தி, சேஸிஸில் ரிவெட் அடிக்கிற இடத்தில் சரிவான துளை போட்டு, அதே சரிவுள்ள போல்ட்டை இறுக்கினார். ரிவெட் நாளாவட்டத்தில் ஆட்டம் கொடுக்கும், சரிவு போல்ட் கொடுக்காது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத வேலை. பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். கடைசிவரை அவர் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார்.

ரோல்ஸ் இதற்கு நேர் எதிர். பிரபு மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். அப்பா கொடுத்த பணத்தில் லண்டனில் வெளிநாட்டுக் கார் விற்கும் கடை வைத்திருந்தார். நல்ல இங்கிலீஷ் கார் ஒன்று விற்கக் கிடைக்கவில்லையே என்பது அவர் குறை. இருவருக்கும் தெரிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவர் ஏற்பாடு செய்து, 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். நீங்கள் செய்கிற கார் அத்தனையையும் நான் விற்கிறேன், ஆனால் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். 1906-ல் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பதிவானது. விற்பவர் பெயர் முன்னால், செய்பவர் பெயர் பின்னால்! இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள் அல்லவா? அந்தக் கோடு என்று பெயர் வாங்கியவர் கிளாட் ஜான்சன். ரோல்ஸின் கூட்டாளி, நிர்வாகத் திறமைசாலி. 1907-ல் 40/50 குதிரைத் திறன் கொண்ட ஆறு சிலிண்டர் கார் ஒன்றுக்கு வெள்ளி நிறம் அடித்து, பித்தளை வரவேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளி முலாம் பூசி, சில்வர் கோஸ்ட் என்று பெயர் சூட்டியவர் அவர்தான். ஏ.எக்ஸ். 201 என்பது அதன் நம்பர். பேய் மாதிரிச் சத்தமில்லாமல் வரும் என்று பொருள். அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமை தவிர இரவு பகலாக ஓட்டச் செய்து, 14,371 மைல் வரை எஞ்சின் கோளாறால் ஒருமுறையும் நிற்காமல் ஓடியதாகக் கணக்குக் காட்டினார். சாலையில் பாதி வண்டிகள் ஓரமாக நின்று புகைந்துகொண்டிருந்த காலம் அது. உலகத்திலேயே சிறந்த கார் என்ற பட்டம் அப்போது ஒட்டியதுதான்.

மறுவருஷமே, 1908-ல், அந்த வகைக் கார் ஒன்று நம் நாட்டுக்கு வந்து, பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை மலைப்பாதைகளில் 620 மைல் போட்டியில் ஓடி ஜெயித்தது. அதைக் குவாலியர் மகாராஜா வாங்கினார். அதன் பின் சமஸ்தானங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்க ஆரம்பித்தார்கள். அவமதித்த ஷோரூம்காரனைப் பழிவாங்க ஒரு மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ் கார்களை வாங்கிக் குப்பை அள்ள விட்ட கதையை நம்மில் எல்லோரும் கேட்டிருப்போம். ஆல்வார் ராஜா என்று ஒருவர் சொல்வார், பரத்பூர் என்று இன்னொருவர், ஹைதராபாத் நிஜாம் என்று மூன்றாமவர். ஒரே கதையை மூன்று தலையில் ஏற்றும்போதே அதன் லட்சணம் தெரிந்துவிடுகிறது. நான் நம்புவதில்லை.

கார் நன்றாக விற்க ஆரம்பித்ததும் ரோல்ஸுக்குக் காரில் ஆசை போய்விட்டது. விமானம் என்று கிளம்பினார். கம்பெனியும் விமானத்தில் இறங்க வேண்டும் என்றார், மற்ற டைரக்டர்கள் ஒப்பவில்லை. 1910 ஜூன் 2 அன்று இங்கிலீஷ் கால்வாயைப் போகவர ஒரே மூச்சில் பறந்து கடந்த முதல் ஆள் அவர்தான். நாற்பது நாளில், ஜூலை 12 அன்று, போர்ன்மத் நகரில் நடந்த விமானக் கண்காட்சியில் அவருடைய ரைட் விமானத்தின் வால் பகுதி உடைந்து கீழே விழுந்து இறந்தார். வயது 32. விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர். கம்பெனி தொடங்கி நாலே வருஷம்.

அடுத்த வருஷம் ராய்ஸும் படுத்துவிட்டார். சோறு தண்ணியில்லாமல் பட்டறையிலேயே கிடந்த உடம்பு. ஜான்சன் அவரை பிரான்ஸின் தெற்குக் கரைக்குக் கூட்டிப்போய் வீடு கட்டிக்கொடுத்தார். குளிர்காலத்தில் அங்கே, வெயில் காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையில், கடைசியில் வெஸ்ட் விட்டரிங் என்ற கடலோரக் கிராமத்தில். டெர்பி நகரில் 1908-ல் திறந்த பெரிய தொழிற்சாலைக்கு அவர் பிறகு வந்ததே அபூர்வம். பக்கத்திலேயே டிராயிங் போடுகிறவர்கள் சிலரை வைத்துக்கொண்டு, டிராயிங்குகளைத் தபாலில் டெர்பிக்கு அனுப்பினார். இப்படி 20 வருஷத்துக்கு மேல்! ஒரு கம்பெனியின் மூளை ஓர் ஊரில், கை இன்னோர் ஊரில். இந்தக் கம்பெனியின் ஜாதகமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

காரின் மூக்கில் இருக்கும் பொம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்கத் தயாராகச் சாய்ந்து நிற்கும் பெண்ணின் சிலை. 1911-ல் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி செய்தது. அதற்கு முகம் கொடுத்தவர் எலினார் தார்ன்டன் என்றும், மாண்டேகு பிரபுவின் காரியதரிசி என்றும் சொல்வார்கள். 1915 டிசம்பரில் மாண்டேகு பிரபு ராணுவ வண்டிகள் சம்பந்தமான வேலையாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவரோடு எலினாரும் எஸ்.எஸ். பெர்ஷியா என்ற கப்பலில் ஏறினார். டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்குத் தெற்கே ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை மூழ்கடித்தது. மாண்டேகு தப்பித்து, ஊர் திரும்பித் தன் மரணச் செய்தியைத் தானே பேப்பரில் படித்தார். எலினார் பம்பாய் வந்து சேரவில்லை. ராய்ஸுக்கு அந்தப் பொம்மை பிடிக்காது, தன் காரில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளவும் மாட்டார்.

எந்த விமானம் வேண்டாமென்று டைரக்டர்கள் சொன்னார்களோ, அதற்கே முதல் உலகப் போரில் எஞ்சின் செய்ய வேண்டி வந்தது. 1915-ல் ஈகிள் என்ற எஞ்சின். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் அட்லாண்டிக் கடலை முதன்முதலில் நிற்காமல் பறந்து கடந்தது இரண்டு ஈகிள் எஞ்சின்களை நம்பித்தான். அதிலிருந்து கார் என்பது கம்பெனிக்கு அழகான முன்வாசல் மட்டுமே. வீட்டு வேலை நடப்பதெல்லாம் பின்கட்டில், எஞ்சினில்.

1931-ல் நடந்த ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். போட்டிக் கம்பெனியான பென்ட்லி கடனில் மூழ்கியது. நேப்பியர் என்ற கம்பெனி அதை வாங்குவதாகப் பேசி ஏறக்குறைய முடித்தும்விட்டது. கடைசி நேரத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம் அதிக விலை கொடுத்து அடித்துக்கொண்டு போனது. வாங்கியது யார் என்று பென்ட்லிக்கே சில நாள் தெரியாது. திரைக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ்.

ராய்ஸ் 1933 ஏப்ரலில் வெஸ்ட் விட்டரிங்கில் இறந்தார். காரின் முன்னால் உள்ள இரண்டு ஆர் எழுத்துகள் சிவப்பிலிருந்து கறுப்பானது அவர் மரணத்துக்குத் துக்கம் காட்ட என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் கதைதான். நிற மாற்றம் அவர் உயிரோடு இருக்கும்போதே முடிவானது. அதே வருஷம் அக்டோபரில்தான் எங்கள் ஃபோர்மேன் கழுவிய மெர்லின் எஞ்சினின் முதல் மாதிரி டெஸ்ட் பெட்டில் ஓடியது. அதன் உறுமலைக் கேட்க அவர் இல்லை.

மெர்லின் இல்லாவிட்டால் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் இல்லை. அது எல்லோரும் அறிந்தது. நான் சொல்ல வந்தது வேறு. போர் சமயத்தில் டெர்பி மட்டும் போதாமல், மான்செஸ்டரில் ஃபோர்டு கம்பெனியிடமும் எஞ்சின் செய்யச் சொன்னார்கள். ஃபோர்டு ஆட்கள் டிராயிங்குகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த அளவுகளை வைத்து எங்களால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரோல்ஸ் ராய்ஸ் இளம் எஞ்சினியர் ஸ்டான்லி ஹூக்கருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அளவு அவ்வளவு நுணுக்கம், கார் செய்கிறவர்களுக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டார். ஃபோர்டு ஆட்கள் சொன்னதோ நேர்மாறு: உங்கள் டாலரன்ஸ் மிகவும் தாராளமாக இருக்கிறது, நாங்கள் இதைவிட இறுக்கமாகச் செய்கிறவர்கள்!

டாலரன்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஷாஃப்ட் 25 மில்லிமீட்டர் என்று டிராயிங்கில் இருந்தால், எந்த லேத்திலும் அச்சாக 25 வராது. மேலே கீழே இவ்வளவு போகலாம் என்று ஒரு சலுகை கொடுப்போம், அதுதான் டாலரன்ஸ். சலுகை அதிகமானால் எந்த ஷாஃப்டும் எந்தத் துளையிலும் நேராகப் போய் உட்காராது. ஃபிட்டர் அரத்தை எடுத்துக் கொஞ்சம் ராவி, கொஞ்சம் தேய்த்து, அந்த ஜோடிக்கு மட்டும் பொருந்தும்படி செய்வார். டெர்பியில் அப்படித்தான். ஒவ்வோர் எஞ்சினும் ஒரு ஃபிட்டரின் கைவேலை. ஃபோர்டிலோ ஆயிரம் ஷாஃப்டில் எதை எடுத்தாலும் ஆயிரம் துளையில் எதிலும் போய் உட்கார வேண்டும். அவர்கள் டிராயிங் அத்தனையையும் திரும்ப வரைந்து, சுமார் 30,000 மெர்லின் எஞ்சின்கள் செய்து கொடுத்தார்கள். அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனியும் செய்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம். ஹூக்கர் வயதான காலத்தில் இதைத் தன் நினைவுக் குறிப்பில் வெட்கமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார், அது அவர் பெருந்தன்மை. கைவேலைதான் உசத்தி என்று 40 வருஷம் வாதாடிய எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஃபோர்மேன் கையில் பிடித்துப் பார்த்த அந்தக் கண்ணாடிப் பாகம் டெர்பி ஃபிட்டர் தேய்த்ததா, மான்செஸ்டரில் மெஷின் வெட்டிப் போட்டதா, யார் கண்டது?

போருக்குப் பின் கார் வேலை டெர்பியை விட்டு, மெர்லினுக்காகக் கட்டிய குரூ நகரத் தொழிற்சாலைக்கு மாறியது. அதன் பிறகான கார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950-ல் தொடங்கிய ஃபேன்டம் 4 வெறும் 18 கார்கள், ராஜாக்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும். 1955-ல் சில்வர் கிளவுட். அதற்கு 1958-ல் டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரம், 60 மைல் வேகத்திலும் கடிகாரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்றது. 1965-ல் சில்வர் ஷேடோ, தனி சேஸிஸ் இல்லாமல் உடம்பே சட்டமாக வந்த முதல் ரோல்ஸ் ராய்ஸ்.

இனி 1971. ஃபோர்மேன் நம்ப மறுத்த செய்தி. கம்பெனியைக் கவிழ்த்தது கார் இல்லை. 1968-ல் அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனியின் ட்ரைஸ்டார் விமானத்துக்கு ஆர்.பி.211 என்ற ஜெட் எஞ்சின் செய்து தர நிர்ணய விலையில் ஒப்புக்கொண்டார்கள். எடை குறைய வேண்டும் என்று முன்னால் சுழலும் பெரிய விசிறியின் இறக்கைகளைக் கார்பன் இழையில் செய்தார்கள். பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கச் செத்த கோழியைச் சுழலும் விசிறியின் மேல் சுட்டுப் பார்ப்பது விமானத் தொழிலில் வழக்கமான சோதனை. 1970-ல் அந்தச் சோதனையில் இறக்கைகள் சிதறிவிட்டன. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. சுமார் 6.5 கோடி பவுண்டு என்று போட்ட மதிப்பீடு 17 கோடியைத் தொட்டது. 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் கையைத் தூக்கிவிட்டது.

எஞ்சின் பகுதியை பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற ஹூக்கரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் தன்னைப் போல ஓய்வு பெற்ற சிலரையும் சேர்த்துக்கொண்டு அந்த எஞ்சினைத் தேற்றிக் கொடுத்தார். எண்பதுகளில் ஏர் லங்காவின் ட்ரைஸ்டாரில் வளைகுடாவுக்குப் போனவர்கள் அந்த எஞ்சினில்தான் போனார்கள். இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானத்தில் காதடைக்கப் பறந்தவர்களும் ரோல்ஸ் ராய்ஸில் போனவர்களே, அதில் இருந்தது டார்ட் எஞ்சின். ஆகவே இதைப் படிக்கிற பலபேர் ரோல்ஸ் ராய்ஸில் போயிருக்கிறீர்கள், வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

கார் பகுதியைத் தனியே பிரித்து 1973-ல் பங்குச் சந்தையில் விற்றார்கள். 1980-ல் விக்கர்ஸ் கம்பெனி வாங்கியது. பெயர் மட்டும் எஞ்சின் கம்பெனியிடம். கார் கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சொந்தம் கொண்டாட முடியாது. இருபத்தைந்து வருஷம் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே படவில்லை.

1998-ல் விக்கர்ஸ் கார் கம்பெனியை விற்கக் கிளம்பியது. பி.எம்.டபிள்யூ 34 கோடி பவுண்டு என்றது. ஃபோக்ஸ்வேகன் 43 கோடி என்று சொல்லித் தட்டிக்கொண்டு போனது. குரூ தொழிற்சாலை, அதில் இருந்த ஆட்கள், மூக்கில் நிற்கும் பொம்மை, கோயில் வாசல் மாதிரி இருக்கும் முன்கிரில், பென்ட்லி, எல்லாம் அவர்களுக்கு. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரும் இரட்டை ஆர் சின்னமும் மட்டும் இல்லை! அது டெர்பி எஞ்சின் கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனிக்கு பி.எம்.டபிள்யூவோடு ஏற்கெனவே தொழில் உறவு. வெறும் 4 கோடி பவுண்டுக்குப் பெயரை அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஒருவரிடம் வீடு, இன்னொருவரிடம் பத்திரம். 1931-ல் நேப்பியர் எப்படி விழித்திருக்குமோ, அப்படி விழித்தது ஃபோக்ஸ்வேகன். தனக்கு வேண்டியது முதலிலிருந்தே பென்ட்லிதான் என்று அதன் தலைவர் பிறகு சொல்லிக்கொண்டார்.

சமரசம் பேசி, 2002 கடைசி வரை குரூவில் ரோல்ஸ் ராய்ஸ் செய்யலாம், 2003 ஜனவரி 1 முதல் பெயரும் பொம்மையும் பி.எம்.டபிள்யூவுக்கு என்று முடிவானது. பெயர் வந்தது, பட்டறை இல்லை. குட்வுட் என்ற இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். ராய்ஸ் கடைசிக் காலத்தில் இருந்த வெஸ்ட் விட்டரிங்கிலிருந்து சுமார் பத்து மைல். முதல் ஃபேன்டம் அங்கிருந்து 2003 ஜனவரி 1 அன்றே ஒப்படைக்கப்பட்டது. அலுமினியக் கூடு ஜெர்மனியில் செய்து வந்தது. மரவேலை, தோல்வேலை, பொருத்துவது இங்கிலாந்தில். குரூவில் பரம்பரையாக ரோல்ஸ் ராய்ஸ் செய்த குடும்பங்கள் அதே கூரையின் கீழ் பென்ட்லி செய்கின்றன. பேரன் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியும் விற்கப்பட்டது. நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது. நிலத்தை ஒருவர் வாங்கினார், பேட்டர்ன்களையும் மெஷின்களையும் இன்னொருவர், பெயரை வடக்கே ஒரு கம்பெனி. நான் 30 வருஷத்துக்கு மேல் நின்ற லேத் எடை போட்டு லாரியில் ஏறியதைப் பார்த்தேன். கணக்கெல்லாம் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஃபோர்மேன் அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தச் சித்திரையில் எங்கள் வீட்டுத் தொட்டி மோட்டார் காயில் எரிந்துவிட்டது. காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். பழைய பெயர், பழைய எழுத்து, பழைய பச்சை நிறம். கடைப் பையன், "ரொம்பப் பழைய கோயமுத்தூர் கம்பெனிங்கய்யா, நம்பி எடுக்கலாங்க" என்றான். நான் யாரென்று சொல்லவில்லை. பில் போடச் சொன்னேன்.

லீவுக்கு வந்த பேரனிடம் இத்தனை கதையையும் சொல்லி முடித்து, கொல்லைப்புறம் கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டேன். பீரோவில் கிடந்த பழைய எட்டணாவை அதன் முதுகில் விளிம்பில் நிறுத்தினேன். விழுந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் விழ வேண்டும் என்றே நினைத்தேன். நின்றது. பேரன் கையிலிருந்த வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினான். அப்போதும் நின்றது.

"அப்போ இது உங்க கம்பெனி மோட்டார்தானா அப்புச்சி?" என்றான்.

மேலே தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.